கடைசி இருபது நிமிடம்: பெங்களூரில் ஃபுட்பால் ஆடும் பிள்ளையை ஃபிட்னெஸ் டெஸ்ட்டுக்குத் தயார்செய்வது எப்படி

என் மகள் நடுக்களத்தில் ஆடுகிறவள். வீடு அல்சூரில். இரண்டு வருடத்துக்கு முன், 14 வயதில், ஒரு வயதுப்பிரிவு அணித் தேர்வுக்குப் போனாள். பந்து காலில் இருந்தவரை யாரும் குறை சொல்லவில்லை. ஓட்ட டெஸ்ட்டில் சீக்கிரமே நின்றுவிட்டாள். பயிற்சி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். "மனசு வைத்து ஓட மாட்டேன் என்கிறாள் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பைக்கில் திரும்பி வரும்போது பின்னாலிருந்து, "மனசு இருக்குப்பா, கால்தான் வரல" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொள்ள எட்டு மாதம் ஆனது, நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அதில் உண்மையில் தேவைப்பட்ட செலவு ஐயாயிரத்தைத் தொடாது. மீதியையும் அந்த எட்டு மாதத்தையும் நீங்கள் இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஃபுட்பாலை வைத்துச் சொன்னாலும், ஹாக்கி, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. டெஸ்ட் எதை அளக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் பணத்தைத் தப்பான இடத்தில் போட்டதற்கு இது புரியாததுதான் காரணம்.

ஃபிட்னெஸ் நன்றாக இருந்தால் ஆட்டம் தானாக நன்றாக வரும் என்று நினைத்திருந்தேன். நார்வேயில் இளம் ஃபுட்பால் வீரர்களை வைத்துச் செய்து 2001-இல் வெளியான ஒரு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை கடுமையான இடைவெளி ஓட்டம் (சில நிமிடம் வேகமாக ஓடி, இடையில் மெல்ல ஓடி, மறுபடி வேகமாக ஓடுவது) கொடுத்தார்கள். அதன்பிறகு ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது, வேக ஓட்டங்கள் இரண்டு மடங்காயின, பந்தோடு தொடர்பில் வந்த தருணங்கள் 24 சதவீதம் கூடின. ஆனால் பாஸின் தரமும் உதையின் துல்லியமும் மாறவே இல்லை. உடல்தகுதி உங்கள் பிள்ளையைப் பந்துக்குப் பக்கத்தில் அதிக முறை கொண்டுபோய் நிறுத்தும். அங்கே போய் என்ன செய்வது என்பதைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

இத்தாலியின் முதல்நிலை லீக்கை ஆராய்ந்தவர்களும் இதே போன்ற ஒன்றைக் கண்டார்கள். பட்டியலில் கீழே இருந்த அணிகள்தான் மொத்தத்தில் அதிக வேக ஓட்டம் ஓடியிருந்தன. மேலே இருந்த அணிகள் பந்தோடு அதிகம் ஓடியிருந்தன. ஆகவே "இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று பிள்ளையைக் கேட்பதில் பெரிய பயன் இல்லை. "கடைசி இருபது நிமிடம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். உயர்மட்ட வீரர்களுக்கே ஆட்டத்தின் கடைசி 15 நிமிடத்தில் வேக ஓட்டம் கணிசமாகக் குறைகிறது. யாருக்கு எவ்வளவு குறைகிறது என்பதில்தான் ஆள் வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் டெஸ்ட் எதற்கு? அது வாசல். கிரிக்கெட்டில் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி 2021-இல் இங்கிலாந்துக்கு எதிரான டி20 தொடருக்கு எடுக்கப்பட்டும் ஃபிட்னெஸ் டெஸ்ட்டில் தேறாததால் ஆட முடியவில்லை. அதே ஆள் 2025-இல் சாம்பியன்ஸ் டிராபி வென்ற அணியில் இருந்தார். விரலில் இருந்த வித்தை 2021-இலும் 2025-இலும் அவரிடம்தான் இருந்தது. வாசலில் நின்றுவிட்டால் அதைக் காட்ட வழியில்லை.

2. காகிதங்கள்: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் முடியாது. பத்து நாள்தான் கொடுப்பார்கள்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால், பெங்களூரில் வளரும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வேலூரிலோ தர்மபுரியிலோ திருச்சியிலோ இருக்கும். அதிலும் பலருக்குப் பெயர் இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டும் பதிவாகியிருக்கும். பெயரைச் சேர்க்கப் பிறந்ததிலிருந்து 15 வருடம் வரைதான் வழி உண்டு, ஒரு வருடம் தாண்டினால் தாமதக் கட்டணமும் உண்டு. பிள்ளைக்கு 13, 14 வயது என்றால் இன்றே சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கர்நாடகத்தில் பிறந்தவர்கள் ஈ-ஜன்மா தளத்தில் தேடலாம்.

அடுத்தது இனிஷியல். நம் ஊர்ச் சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கும். பள்ளிப் பதிவில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். வீட்டில் நமக்கு மூன்றும் ஒரே ஆள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூன்று ஆள். எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழை ஒட்டித் திருத்துங்கள். ஆதார் திருத்தத்தை முதலில் முடித்தால் மற்றவை சுலபம்.

கையில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் நன்னடத்தைச் சான்று அல்லது படிப்புச் சான்று, பாஸ்போர்ட் இருந்தால் அது, ஆறு புகைப்படம், மருத்துவத் தகுதிச் சான்று, பெற்றோர் ஒப்புதல் கடிதம். எல்லாவற்றுக்கும் மூன்று நகல். போனிலும் ஒரு தொகுப்பு. அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் பிள்ளைக்கு ஒரு பதிவு எண் இருக்கும். அதில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் இவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். "பாட்டி வீடு சென்னையில்தானே, தமிழ்நாட்டிலும் ஒரு பதிவு போட்டு வைப்போம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு பதிவு பிற்பாடு பிள்ளையின் தலையில்தான் விழும்.

வயது விஷயத்தில் இன்னொன்று. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கும் முறை இருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட கிரிக்கெட்டில் பிசிசிஐ இதைப் பயன்படுத்துகிறது. மற்ற ஆட்டங்களிலும் கேட்கலாம். காகிதம் உண்மையாக இருந்தால் பயம் வேண்டாம். ஒரு வருடம் குறைத்துப் போட்டால் அணியில் இடம் சுலபம் என்று சொல்லும் ஆட்களை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

3. ஓடவிடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை

இதைத்தான் நாங்கள் கடைசியில் செய்தோம். இதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும்.

தேர்வில் தோற்றதும் ஒரு தனிப் பயிற்சியாளரைப் பிடித்தேன், மாதம் ஆறாயிரம். காலையில் அதிக ஓட்டம், மாலையில் அதிக ஓட்டம். அவள் இன்னும் மோசமானாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கினாள். படிக்க உட்கார்ந்தால் தூங்கினாள். சோம்பேறித்தனம் என்று நானே ஒரு நாள் திட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. ஐந்தாம் மாதத்தில் ஒரு காய்ச்சலுக்காகப் போனபோது டாக்டரம்மா அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8. ஃபெரிட்டின், அதாவது உடலில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு, 6.

அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இரும்புச்சத்து தீர்ந்துவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கு ஆக்ஸிஜனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின்தான். அது குறைவாக இருந்தால் முதல் பாதியைப் பிள்ளை எப்படியோ ஓட்டிவிடும், இரண்டாம் பாதியில் கால் வராது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தேர்வு மைதானத்தில் நிற்கும் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு "மனசு இல்லை" என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் இரண்டும். எங்களுக்கு 350-ம் 800-ம் ஆனது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் விலை மாறும், அரசு மருத்துவமனையில் இன்னும் குறைவு. பையன்களுக்கும் எடுங்கள். ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்து சேமிப்பு மட்டும் காலியாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது. எங்களுக்கு அந்த நிலையிலேயே 6 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை டாக்டர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். தொடங்கினால் காபி, டீ, பாலோடு கொடுக்காதீர்கள், இரும்புச்சத்து உடலில் சேர்வதை அவை தடுக்கும். எங்கள் வீட்டில் காலை ஃபில்டர் காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டோம். எலுமிச்சைச் சாறோடு விழுங்கச் சொன்னோம். சாப்பாட்டில் வாரம் இரண்டு நாள் ஈரல், மற்ற நாளில் முருங்கைக்கீரை, பயறு. ஹீமோகுளோபின் 12.3-க்கு வர மூன்று மாதம் ஆனது. சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் ஆகும், எண் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள்.

சீக்கிரம் ஏற வேண்டும் என்று எங்கேயோ ஒரு கிளினிக்கில் டிரிப் போடுவது பெரிய பொறி. பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லி லிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது ஊக்கமருந்து விதிப்படி தடைசெய்யப்பட்டது. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறியும் மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக நடந்தால் விலக்கு. எந்த மருந்தாக இருந்தாலும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் செயலியில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். டப்பாவில் விற்கும் பவுடர்களை நாங்கள் தொடவே இல்லை.

கூடவே ஒரு ஈசிஜி, 300 ரூபாய். வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அல்லது பிள்ளை ஓடும்போது மயங்கியிருந்தால் இதய மருத்துவரைப் பார்க்காமல் மைதானத்தில் இறக்காதீர்கள்.

4. எந்த டெஸ்ட் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

நாங்கள் ஆறு வாரம் தப்பான டெஸ்ட்டுக்குப் பயிற்சி எடுத்தோம். "பீப் டெஸ்ட்" என்றுதான் போனில் சொன்னார்கள். பீப் சத்தம் எல்லாவற்றிலும் வரும்.

பழைய பீப் டெஸ்ட்டில் 20 மீட்டரை நிற்காமல் போய்வந்து கொண்டே இருக்க வேண்டும். யோ-யோ இடைவெளி மீட்பு டெஸ்ட் வேறு. 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பி, 10 நொடி மூச்சு வாங்க நேரம். அதற்குள் பின்னால் 5 மீட்டர் நடந்து திரும்பிவிட வேண்டும். முதல் நிலை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும். இரண்டாவது முறை கோட்டைத் தவறவிட்டால் முடிந்தது. இதிலேயே முதல் நிலை, இரண்டாம் நிலை என்று இரண்டு உண்டு. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. இந்தியக் கிரிக்கெட்டில் பேசப்பட்ட 16.1 என்பது யோ-யோ முதல் நிலையில் 1,120 மீட்டர். "எந்த டெஸ்ட், எந்த நிலை, புல்லா டர்ஃபா, குறைந்தபட்சம் எவ்வளவு" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

யோ-யோவுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு வலுவானது. டென்மார்க்கின் உயர்மட்டப் பெண் வீரர்களை அளந்து 2005-இல் வெளியான ஆய்வில், அவர்கள் ஆட்டத்தில் சராசரியாக 10.3 கிலோமீட்டர் ஓடினார்கள், அதில் வேக ஓட்டம் 1.31 கிலோமீட்டர்தான். யோ-யோவில் நன்றாகச் செய்தவர்களே அந்த வேக ஓட்டத்தை அதிகம் செய்தார்கள். அவர்களின் யோ-யோ சராசரி ஏறக்குறைய 1,400 மீட்டர். 14 வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்காதீர்கள், போக வேண்டிய திசை தெரிந்தால் போதும்.

வீட்டுச் செலவு: கூம்பு பத்து, 200 ரூபாய். அளவு நாடா 150. ஒலிக்கோப்பு போனில் இலவசம். நாடாவால் அளந்துகொள்ளுங்கள், காலடியால் அளந்தால் ஒவ்வொரு முறையும் அரை மீட்டர் போய்விடும். முதல் முறை எடுத்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பழக்கத்துக்கு. அடுத்த வாரம் அதே மைதானம், அதே ஷூ, அதே காலை நேரத்தில் எடுப்பதுதான் ஆரம்ப எண். மகளுக்கு அது 480 மீட்டர்.

ஆய்வகத்தில் முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவைத்து, உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்று பார்க்கும் விஓ2 மேக்ஸ் டெஸ்ட்டுக்கு 4,500 கொடுத்தேன். ஓடும் தூரத்தையும் வேகத்தையும் பதியும் ஜிபிஎஸ் பனியன் 18,000. இரண்டுமே நல்ல கருவிகள்தான். அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும் அணிக்கு உதவும். நமக்கு வேண்டாம்.

5. பன்னிரண்டு வாரக் கணக்கு

தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெங்களூரில் ஜூனுக்குப் பிறகு மழையில் மாலைப் பயிற்சி பாதி நாள் கெடும், மார்ச்சில் பள்ளிப் பரீட்சை. இரண்டையும் காலண்டரில் முதலிலேயே அடித்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் ரத்தம், ஈசிஜி, ஆரம்ப எண். ரத்தத்தில் குறை இருந்தால் இந்தக் கணக்கு அதோடு நிற்கட்டும். அதைச் சரிசெய்யும்வரை கடும் ஓட்டம் வேண்டாம்.

மூன்றாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை, நார்வேக்காரர்கள் செய்த அதே ஓட்டம். நான்கு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் மெல்லோட்டம், இப்படி நான்கு முறை. அந்த நான்கு நிமிடத்தில் இதயத்துடிப்பு உச்சத்தின் 90 முதல் 95 சதவீதம் இருக்க வேண்டும். இதயத்துடிப்பை அளக்கும் பட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை: பிள்ளையால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதென்றால் வேகம் போதாது. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. நாங்கள் காலை ஐந்தரைக்குப் பள்ளி மைதானத்துக்குப் போவோம், ஆறரைக்கு மேல் அந்தச் சாலையில் பைக் நகராது.

ஆறாம் வாரம் ஒரு யோ-யோ, பத்தாம் வாரம் ஒரு யோ-யோ. ஆட்டத்துக்கு அடுத்த இரண்டு நாளில் எடுக்காதீர்கள். கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். தேர்வுக்கு மூன்று நாள் முன் "ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று முழு டெஸ்ட் ஓடவைத்ததும் நான் செய்த தப்பு.

தூக்கம் இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. டியூஷனா தூக்கமா என்று வந்தால் அந்த இரண்டு மாதம் டியூஷனைக் குறைத்தோம்.

6. காயம் படாமல் இருப்பதும் ஃபிட்னெஸ்தான்

ஐஸ்லாந்தில் 17 அணிகளின் 306 வீரர்களை அளந்த ஆய்வில், லீக் இடத்தோடு பொருந்திய அளவு அணி வீரர்கள் சராசரியாகக் குதிக்கும் உயரம். காயத்தால் அதிக நாள் இழந்த அணிகள் கீழே இருக்கும் போக்கும் தெரிந்தது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைப் பதினொரு சீசன் தொடர்ந்து பார்த்தவர்களும், காயம் குறைந்து ஆட்கள் கையில் இருந்த சீசனில் அணி மேலே போனதைக் கண்டார்கள். ஆடத் தயாராக இருக்கும் பிள்ளைதானே ஆட முடியும்.

ஃபிஃபாவின் "11+" வார்ம்-அப் இருபது நிமிடம். இணையத்தில் இலவசம். வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். அதில் ஒன்று, மண்டியிட்டு நிற்க, இன்னொருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் சாய்ப்பது. தொடையின் பின்தசைக் காயத்தை ஏறக்குறைய பாதியாக இது குறைக்கிறது. மகளின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. முதல் வாரம் வலிக்கும், ஐந்தைந்தாகத் தொடங்குங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி வலித்தால், வேகமாக உயரும் வயதில் அது சகஜம்தான். ஆனாலும் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

7. சென்னையில் ஆட்டம் என்றால்

பெங்களூர்க் காலைக் குளிரில் எடுத்த எண்ணை நம்பி மே மாதம் சென்னைக்குப் போகாதீர்கள். வியர்வை காயாத காற்றில் அதே பிள்ளை நாற்பதாவது நிமிடத்திலேயே தளர்ந்துவிடும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். முடிந்தால் ஒரு வாரம் முன்பே சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்து, மாலை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுங்கள். விடுமுறை கிடைக்காவிட்டால் இங்கேயே மதிய நேரத்தில் பத்து நாள் பழக்குங்கள். நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள்.

8. தேர்வு நாள்

மூன்று மணி நேரம் முன் இட்லி, பழக்கமான சாப்பாடு எதுவானாலும் சரி. புது ஷூ வேண்டாம். காகிதக் கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளையின் பையில் வேண்டாம். டெஸ்ட் முடிந்ததும் எண்ணை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு யாரும் தர மாட்டார்கள். யோ-யோ முதலில், ஆட்டம் பிறகு என்று வைத்திருந்தால், நடுவில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் உள்ளே போக அரை மணி நேரமாவது வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று கத்தாதீர்கள்.

மகள் இந்த முறை 880 மீட்டர் ஓடினாள். பட்டியலில் அவள் பதினெட்டாவது பெயர், முதல் பதினொன்றில் இன்னும் இல்லை. போன ஞாயிறு ஆட்டத்தில் எழுபதாவது நிமிடத்தில் இறக்கினார்கள். கடைசி நிமிடம் வரை பந்துக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் மாதம் 5-ஆம் தேதி.